கப்பலுக்கு வந்த தாய்மாமன் சீர்

1

நேற்று எங்கள் ஊர்க் கப்பலுக்கு முதல் வருஷ நிறைவு. எங்கள் ஊர் என்று இங்கே நான் சொல்வது உத்திரமேரூரை அல்ல. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், வரைபடத்தில் விரலை வைத்தால் விரலுக்கடியில் காணாமல் போகிற ஒரு சின்ன ஊர். நானும் என் கணவர் தனசேகரும் இங்கே வந்து இருபது வருஷம் ஆகப் போகிறது. மகள் யாழினி இங்கேயே பிறந்தவள்.

கப்பல் என்றால் சாதாரணக் கப்பல் இல்லை, கடற்படையில் காலம் முழுக்க உழைத்து ஓய்வு பெற்ற போர்க்கப்பல். நம் பக்கம் ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சால்வை போர்த்தி அனுப்புவார்கள். இங்கே துடைத்துக் கழுவிக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். அதற்குள் மீன்கள் குடியேறும், பாசியும் பவளமும் பிடிக்கும். அதையெல்லாம் பார்க்க மனிதர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, காசும் கொடுத்து, கீழே இறங்குவார்கள். அவர்கள் மேலே ஏறி வந்ததும் பசிக்கும், ஊரில் நான்கு ஓட்டல் பிழைக்கும். இதுதான் திட்டம்.

கப்பல் மூழ்கிய நாளை இவர்கள் பிறந்தநாள் என்கிறார்கள். கப்பல் மாதிரியே ஒரு கேக் செய்து வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். இது பிறந்தநாளா தெவசமா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். முடிவுக்கு வர முடியவில்லை, ஆனால் கேக் நன்றாக இருந்தது.

இந்த ஊர் நகராட்சியில் துறைமுகப் பிரிவில் எனக்கு எழுத்து வேலை. கப்பல் விவகாரத்தின் அத்தனை காகிதமும் என் மேஜை வழியாகத்தான் போனது. இதை ஊரில் இருப்பவர்களுக்குப் புரியவைக்க நான் தலையால் தண்ணீர் குடித்தேன். ஐயங்கார்குளத்துச் சித்தி ஒருமுறை போனில் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“முழுகடிச்சிட்டு, அப்பால எப்போ வெளிய எடுப்பாங்க?” என்றார்.

“எடுக்க மாட்டாங்க சித்தி.”

“இன்னாடி பேச்சு இது? எடுக்காத போனா அப்பால எதுக்கு தண்ணில வெக்கிறாங்க?”

காஞ்சிபுரத்தில் அத்திவரதரைக் குளத்திலிருந்து எடுத்தபோது கூட்டத்தில் நசுங்கித் தரிசனம் பார்த்தவர் சித்தி. தண்ணீருக்குள் பத்திரமாக வைத்த எதுவும் ஒருநாள் வெளியே வந்து காட்சி தந்துதான் ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் மேற்கொண்டு வாதாடவில்லை. அந்தக் கப்பலுக்கு என் தம்பி ஏழுமலை உத்திரமேரூரிலிருந்து சீர்த்தட்டோடு வந்ததை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஏழுமலை பந்தல் போடுகிறவன். பந்தல், சீரியல் லைட், சவுண்ட் சர்வீஸ், மூன்றும் உண்டு. எங்கள் அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது விசேஷ வீட்டுப் பந்தல்களுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்போம். உள்ளே வா என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அதே பந்தல்களுக்குக் கழி தூக்கும் கூலியாகப் போனவன்தான் ஏழுமலை. பிறகு கழிகளுக்கே சொந்தக்காரன் ஆனான். இன்று உத்திரமேரூரிலிருந்து ராஜகுளம் வரை எந்தப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு என்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். எந்த மாமன் எத்தனை தட்டு வைத்தான், எவன் பேண்டு வாத்தியத்தோடு வந்தான், எவன் கடன் வாங்கிப் பட்டு எடுத்தான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவனுக்கு இருப்பது ஒரே அக்கா, அந்த அக்காவுக்கு இருப்பது ஒரே மகள். யாழினிக்கு விழா எடுக்கும் நேரம் வந்தபோது அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. நாங்கள் விடுமுறையில் வரும்போது வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. வீட்டு வாசலில் அவனே முன்நின்று கழி நட்டான். கூடவே ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று தயார் செய்து, அதன் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பி வைத்தான். நடுவில் யாழினி, தலையில் கம்ப்யூட்டரில் வைத்த கிரீடம். இரண்டு பக்கமும் மயில். மூலையில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கைகூப்பி நிற்கும் தாய்மாமன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் வைக்கப் போவதாகத் தகவல்.

யாழினிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தப் பேனரைப் புரிந்துகொள்ள அவளுக்குத் தமிழ் தேவைப்படவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதை நடத்தினால் ஊருக்கே வரமாட்டேன் என்று உள்ளேயிருந்து சொல்லிவிட்டாள். நான் அவள் பக்கம் நின்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அவள் பக்கம்தான் நிற்பேன்.

ஏழுமலைக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அவன் கத்தினான், பதிலுக்கு நானும் கத்தினேன்.

“ஊர்ல கீற அத்தினி பொண்ணுக்கும் பந்தல் போட்டவன், சொந்த அக்கா பொண்ணுக்குப் போட வக்கத்துப் போனான்னு பேசுவானுங்களே, அத்த நீ வந்து கேட்டுக்கினு நிப்பியா?” என்றான்.

நட்ட கழியைப் பிடுங்கினான். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

நிறுத்தினானே தவிர, ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் கணவருக்கு அவனிடமிருந்து தவறாமல் போன் வரும். “மாமா, அவங்க முட்டி வலி இப்போ எப்டி கீது? நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க” என்பான். போன் ஸ்பீக்கரில் இருக்கும், நான் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். “பரவால்லன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்பேன். அதுவும் அவனுக்குக் கேட்கும். இப்படியே ஐந்து வருஷம் ஓட்டினோம்.

இதையெல்லாம் சிரிப்பாக எழுதுகிறேன், அப்போது சிரிப்பாக இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். என்னை ‘க்கா’ என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம். அந்த ஒரு சத்தத்துக்காக நான் ஏங்கியது கொஞ்சநஞ்சமல்ல.

3

ஒரு கப்பலை மூழ்கடிப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். புயல் அதை ஒரு ராத்திரியில், ஒரு கையெழுத்துக்கூட இல்லாமல், செய்துவிடும். முறைப்படி மூழ்கடிக்கத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல் துடைக்க வேண்டும். துடைத்தாகிவிட்டது என்று ஒருவர் எழுதித் தர வேண்டும். அவர் எழுதியது உண்மைதான் என்று வேறொருவர் எழுதித் தர வேண்டும். விஷமுள்ள பெயிண்டைச் சுரண்ட வேண்டும், ஒயர்களை உருவ வேண்டும். உள்ளே போகிறவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கதவுகளைக் கழற்ற வேண்டும், வெளிச்சம் வரவும் வெளியே வரவும் பக்கவாட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் வெட்ட வேண்டும். கடைசியில் அடிப்பாகத்தில் வெடி வைத்து, தூரத்துப் படகிலிருந்து ஒரு பட்டனை அமுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு நிபந்தனை உண்டு. அனுமதியில் எழுதப்படாத எந்தப் பொருளும் கப்பலோடு கடலுக்குள் போகக் கூடாது. அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, நான் விரலைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பட்டனை யார் அமுக்குவது என்று ஊரில் பெரிய போட்டி. அதிகாரி, அரசியல்வாதி, ஓட்டல்காரர் எல்லாருக்கும் ஆசை. கடைசியில், முக்குளிக்கும் சங்கத்தில் உள்ள இளவட்டங்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, வாளியில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்தார்கள். பானையில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் எங்கள் உத்திரமேரூர். பள்ளிக்கூடத்தில் வருஷம் தவறாமல் கூட்டிப்போய் அந்தச் சுவரைக் காட்டுவார்கள், வருஷம் தவறாமல் நான் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பேன். வாளியிலிருந்து வந்த சீட்டில் யாழினியின் பெயர் இருந்தது. அன்றைக்குக் கொட்டாவி வரவில்லை.

அவள் முக்குளிப்பாள் என்பதே எனக்கு ஆச்சரியம்தான். அவளுடைய அம்மா ஏரியில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. திருமுக்கூடலில் மூன்று ஆறுகள் கூடுகின்றன என்பார்கள். நான் போனபோதெல்லாம் மூன்று மணல்கள்தான் கூடிக்கிடந்தன. தண்ணீரைப் பற்றி என் அறிவு அவ்வளவுதான்.

எங்களுக்குத் தெரியாமல் யாழினி ஒரு காரியம் செய்தாள். தன் தமிழில் தன் மாமனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். “மாமா, ஒரு பெரிய நேவி கப்பல நான்தான் சிங்க் பண்ணப் போறேன். பட்டன் அமுக்கணும். ஊரே வரும். நீங்களும் வாங்க மாமா. பேனர் மட்டும் வேணாம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

“மாமா, பொண்ணுக்கு விசேஷமாமே?”

“விசேஷம்னு இல்ல மச்சான். கப்பல மூழ்கடிக்கிறாங்க” என்றார் என் கணவர்.

“ஊரே வருமாமே?”

“வரும்.”

“நடுவுல நிக்கப்போறது நம்ம யாளினிதான?”

“யாழினிதான்.”

“அப்ப விசேஷம்தான் மாமா. தாய்மாமன் சீர் இல்லாத பொண்ண நடுவுல நிக்க வெப்பாங்களா?” என்றவன், கொஞ்சம் யோசித்தான். “ஒரு டவுட்டு மாமா. முழுகடிக்கிறதுன்னா அந்தக் கப்பலுக்கு சாவுதான? சாவுன்னா கோடித்துணி எடுக்கணும், விசேஷம்னா பட்டு எடுக்கணும். தெளிவா சொல்லுங்க, கடைல நின்னுக்கினு நான் முழிக்கக் கூடாது.”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, மீன்கள் குடிவரும் என்று சைகை காட்டினேன். மீனைக் கையால் நீந்திக் காட்டி, வீட்டைக் கையால் கூரை போட்டுக் காட்டினேன்.

“மீனுங்க குடி வருமாம் மச்சான்.”

“அப்ப கிரகப்பிரவேசம். பட்டுதான்” என்று முடித்துவிட்டான்.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் கேட்டார்கள். கப்பலை மூழ்கடிக்கும் நிகழ்ச்சியில் கலந்துகொள்ள என் மைத்துனர் வருகிறார் என்று கணவர் எழுதினார். உங்கள் மைத்துனருக்கும் அந்தக் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று திருப்பிக் கேட்டார்கள். கப்பலை மூழ்கடிக்கப் போகிற பெண்ணுக்கு அவர் தாய்மாமன் என்று பதில் போனது. படித்தவர் என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது, விசா வந்துவிட்டது.

4

விமான நிலையத்தில் எல்லாரும் வெளியே வந்து போய்விட்டார்கள், இவனை மட்டும் காணோம். விதை, பழம், இலை என்று உயிருள்ள எதையும் உள்ளே விடாத நாடு இது. எதையும் மறைக்காதே, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று டிக் அடித்துவிடு என்று என் கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். அவனும் அப்படியே செய்துவிட்டான். உள்ளே நடந்ததைப் பிறகு காரில் அவன் என் கணவரிடம் சொன்னான். பின் சீட்டில் இருந்த எனக்குக் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

“ஒரு ஆபீசர் பொண்ணு மாமா. கையில உறை மாட்டிக்கினு, ஒவ்வொரு தட்டா எடுத்து மேச மேல வரிசையா வெச்சிச்சி. தேங்கா ஒரு தட்டு, வாழப்பழம் ஒரு தட்டு, வெத்தல பாக்கு ஒரு தட்டு, மஞ்சக் கெயங்கு ஒரு தட்டு. எனக்கு ஒரே சந்தோஷம், சீரை இவ்ளோ மரியாதியா பரப்பி வெக்கிறாங்களேன்னு. பரப்பி முடிச்சிட்டு, ஒண்ணு ஒண்ணா எடுத்து குப்பத்தொட்டில போட்டுச்சி மாமா!”

“திட்டினாளா?”

“சீச்சீ, தங்கமான பொண்ணு. ஒவ்வொண்ணு போடறப்பவும் சாரி சொல்லிச்சி. மாலைய போடறப்போ அதுக்கே மனசு கேக்கல, மோந்து பாத்துட்டுதான் போட்டுச்சி.”

பட்டும், வளையலும், முறுக்கு அதிரசமும், காலித் தட்டுகளும் தப்பித்தன. தட்டுகள் கணகணக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் வெளியே வந்தபோது, நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவன் என் தலைக்கு மேலே பார்த்தபடி, “மாமா, வூட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டான்.

“எல்லாரும் சௌக்கியம்னு சொல்லுங்க” என்றேன் நான்.

5

வீட்டில் என் கணவர் தபால்காரர் ஆனார். சாப்பாட்டு மேஜையில் நான் இந்த முனை, தம்பி அந்த முனை, நடுவில் அவர். அவர் வேலைக்குப் போன பிறகு தபால் போக்குவரத்துக்கு ஆளில்லை. முதல் நாள் காலையில் ஏழுமலை சமையலறைக்கு வந்து நின்று, ரைஸ் குக்கரைப் பார்த்தான்.

“நாஷ்டாவுக்கு ரெண்டு இட்லி போதும்பா” என்று குக்கரிடம் சொன்னான்.

நான் ஃப்ரிஜ் பக்கம் திரும்பிக்கொண்டேன். “ரெண்டுன்னு பிகு பண்ணுவாங்க. ஆறு வெச்சா ஆறும் உள்ள போவும்” என்று அதனிடம் சொன்னேன். மாடியிலிருந்து இறங்கி வந்த யாழினி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். உங்கள் இரண்டு பேருக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

துறைமுகத்தில் கப்பலைப் பொதுமக்கள் பார்க்க அனுமதித்த நாளில் அவனையும் கூட்டிப்போனோம். அவன் அதை முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்தான்.

“கதவு இல்ல, சன்னல் இல்ல, ஒயரு இல்ல. பக்கத்துல பூரா ஓட்ட. கொள்ளக்காரன் வந்துட்டுப் போன வூடு மாரி கீது மாமா” என்றான். பிறகு தொழில் புத்தி முழித்துக்கொண்டது. “சரி, மீனுக்கு அதுதான் வசதின்னா போவட்டும். ஆனா ஒரு வாழமரம் இல்ல, ஒரு சீரியல் செட்டு இல்ல. இவ்ளோ பெரிய விசேஷத்துக்கு வாசல இப்டியா மொட்டையா வுடுவாங்க? நம்ம பொண்ணு கை வெக்கிற வேல மாமா.”

பின்கட்டில் எங்களுக்கு ஒரு மாமரம் உண்டு. பழம் தராது, இலைக்குப் பஞ்சமில்லை. மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, ஏழுமலை சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சணல் கயிற்றில் மாவிலைத் தோரணம் கோத்துக்கொண்டிருந்தான். தோரணம் சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசல்வரை போயிருந்தது. கப்பல் வாசலில் கட்டப் போகிறானாம். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் தட்டச்சு செய்த அனுமதியில் மாவிலை இல்லை.

“அத கப்பல்ல கட்ட முடியாதுன்னு சொல்லுங்க” என்றேன் கணவரிடம்.

அவர் முதல்முறையாக வேலைநிறுத்தம் செய்தார். “இத மட்டும் நீயே சொல்லு” என்று கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஃப்ரிஜ்ஜிடம் சொன்னேன். ரூல் இப்படி, அனுமதி இப்படி, நான் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை, எல்லாம் சொன்னேன். ஏழுமலை குக்கர் பக்கம்கூடத் திரும்பவில்லை. வாசலிலிருந்து தோரணத்தைச் சுருட்டிக்கொண்டே வந்தான். ஐந்து வருஷத்துக்கு முன் அவன் கழி பிடுங்கியதை நான் பார்க்கவில்லை, போனில் கேட்டதோடு சரி. இப்படித்தான் செய்திருப்பான் என்று தெரிந்தது. இன்னொரு முறை இவன் பந்தலைப் பிரித்தால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது.

காலையில் அலுவலகம் போனதும் முதல் வேலையாக அனுமதித் திருத்தத்துக்கு விண்ணப்பம் போட்டேன். சேர்க்க விரும்பும் பொருள்: மாவிலைத் தோரணம். சுற்றுச்சூழல் பிரிவிலிருந்து கேள்விகள் வந்தன. எந்த மரம், பூச்சி மருந்து அடித்ததா, மீன் தின்றால் என்ன ஆகும், இந்தப் பொருளின் நோக்கம் என்ன? நோக்கம் என்ற இடத்தில் ‘வரவேற்பு’ என்று எழுதினேன். யாரை வரவேற்க என்று கேட்டார்கள். மீன்களை என்று எழுதினேன். இத்தனை வருஷத்தில் நான் அலுவலகத்தில் எழுதிய ஒரே அழகான வாக்கியம் அதுதான்.

அந்தப் பிரிவின் அம்மாள் போனில் கூப்பிட்டார். சிரித்தார், பிறகு நிஜமாகவே வருத்தப்பட்டார். கயிறு ஆமையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும், அதனால் கப்பலில் முடியாது. படகுத்துறையில் கட்டலாம், ஓர் இலைகூடத் தண்ணீரில் விழக் கூடாது, அதற்குப் பொறுப்பாக ஒருவர் பெயர் வேண்டும். ஏழுமலையின் பெயரைக் கொடுத்தேன். தொழில் என்ற இடத்தில் பந்தல் ஒப்பந்ததாரர் என்று போட்டேன்.

“மச்சான், படகுத்துறைக்குத் தோரணம் கட்ட உன் பேர்ல ஆர்டர் வந்திருக்கு” என்றார் என் கணவர் சாயங்காலம்.

ஏழுமலை அந்தத் தாளை வாங்கி, தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “யாரு மாமா வாங்கிக் குடுத்தது?” என்றான்.

“எனக்கென்னப்பா தெரியும்” என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே. தம்பி என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அன்று எட்டு இட்லி சாப்பிட்டான்.

6

சீர்த்தட்டுகளை நிரப்புவது அடுத்த பாடாக இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் தேங்காய் கிடைத்தது, ஆனால் சுத்தமாகச் சுரண்டி, குடுமி இல்லாமல் இருந்தது. “குடுமி இல்லாத தேங்காய எப்டி மாமா தட்டுல வெப்பேன்? பாத்தவன் காறித் துப்புவான்” என்று அதைத் திரும்ப வைத்துவிட்டான். கடை முழுக்கச் சுற்றி வந்து அன்னாசிப்பழத்துக்கு முன்னால் நின்றான். “இதுக்கு குடுமி கீது” என்று தட்டுக்கு ஒன்றாக அள்ளினான்.

கப்பலை மூழ்கடிக்கும் நாளன்று காலை படகுத்துறை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மீன்பிடிச் சாமான் கடையில் இரண்டு கழிகள் இரவல் வாங்கி நட்டு, குறுக்கே தோரணம் கட்டியிருந்தான். கீழே ஒரு வலை விரித்திருந்தான், இலை விழுந்தால் பிடிக்க. நகராட்சியின் ஏற்பாடு என்று நினைத்து எல்லாரும் அதற்குள் குனிந்து குனிந்து போனார்கள். யாழினியின் சங்கத்துப் பிள்ளைகள் கறுப்பு ரப்பர் உடையில் வரிசை கட்டி, ஆளுக்கொரு தட்டை ஏந்தி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பட்டு வேட்டியில் ஏழுமலை. அவன் சட்டைப்பையிலிருந்த போனில் நாதஸ்வரம் ஒலித்தது. அன்னாசிப்பழங்கள் ஊர்வலமாக வந்ததை இந்த ஊர் இதற்குமுன் பார்த்ததில்லை.

யாழினி ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையோடு நின்றாள். கடைப் பூங்கொத்துகளைப் பிரித்துக் கோத்த மாலையை ஏழுமலை அவள் கழுத்தில் போட்டான். பட்டைப் பிரித்து அவள் தோளில் சுற்றினான். இதற்குப் பிறகு காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, சொல்ல எனக்கும் நேரமில்லை. அவள் பாட்டுக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவன் நட்ட கழி மாதிரி விறைத்து நின்றான், கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வழிந்தது. “பேனரு இல்லாமலே நல்லாத்தான் கீது” என்று முணுமுணுத்தான்.

அவள் பட்டன் இருந்த படகில் ஏறிப்போனாள். நாங்கள் வேடிக்கை பார்க்கும் படகில் ஏறினோம். துறைமுகத்தைத் தாண்டும்வரை ஏழுமலை ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். கடலின் முதல் அலை படகைத் தூக்கிப் போட்டதும் அவன் முகம் மாறியது. வாழ்நாளில் மிதக்கிற எதிலும் கால் வைக்காதவன், போதாக்குறைக்குப் பெருமையில் ஒரு தட்டு அதிரசத்தையும் தின்றிருந்தான்.

கப்பல் தூரத்தில் சாம்பல் நிறத்தில் அமைதியாக நின்றது. ஒலிபெருக்கியில் பத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பித்தார்கள். எங்கள் படகில் இருந்தவர்களெல்லாம் கப்பல் தெரிகிற பக்கம் கூடிவிட்டார்கள். என் கணவர் கேமராவும் கையுமாக முதல் வரிசையில் நின்றார். எண்ணிக்கை ஏழுக்கு வந்தபோது ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கக் கம்பிக்கு ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன்.

ஒரு கையால் அவன் நெற்றியைத் தாங்கிக்கொண்டேன். இன்னொரு கையால், கடலில் விழுந்துவிடாமல், அவன் வேட்டியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. எல்லாப் படகுகளும் ஊதின, ஜனங்கள் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். அவன் உத்திரமேரூரிலிருந்து சாப்பிட்டது முழுவதையும் வெளியே கொட்டிக்கொண்டிருந்தான்.

“க்கா,” என்றான் நடுவில். “தல சுத்துதுக்கா. வுட்டுடாதக்கா.”

“வுடலடா. புடிச்சிக்கினுதான்டா கீறேன்” என்றேன். என் வாயில் உத்திரமேரூர் வந்து பல வருஷமாகியிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கப்பலுக்காக அழுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அவன் தலையைத் தூக்க வெகு நேரமாயிற்று. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தபோது கடலில் நுரை மட்டும் வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தது. வருஷக்கணக்கில் நான் காகிதம் தள்ளிய கப்பல், இவன் கடல் கடந்து பார்க்க வந்த கப்பல், போய்விட்டிருந்தது. ஏழுமலை பட்டு அங்கவஸ்திரத்தால் வாயைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்த நுரையையே பார்த்தான். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தான்.

“பொண்ணு நல்லா அமுக்கிச்சாக்கா?”

நானும்தான் பார்க்கவில்லை. அந்த நேரம் முழுக்க அவன் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சூப்பரா அமுக்கிச்சிடா” என்றேன்.